பரங்கிமலைப் பக்கம் ஒரு பதக்கக் கடை: பீரங்கிவீரர் ஒருவரின் சேனா பதக்கத்துக்குச் சட்டம் போட்ட அனுபவம்

சாமி படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் சட்டம் போடும் கடைகள் சென்னையில் தெருவுக்கு இரண்டு இருக்கின்றன. போர்க்களத்தில் பெற்ற பதக்கத்தை அதற்குரிய ரிப்பனோடும் வரிசையோடும் பொருத்தித் தரும் கடை வேண்டுமென்றால், பரங்கிமலை, பல்லாவரம் பக்கமுள்ள சீருடைத் தையல் கடைகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. கண்டோன்மென்டும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியும் அருகிலேயே இருப்பதால், தோள்பட்டைச் சின்னம், பெல்ட், ரிப்பன் பட்டை என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் செய்து தரும் சிறு கடைகள் அங்கே உண்டு. கும்பினி ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாணப் பீரங்கிப்படையின் தலைமையிடமாக இருந்த ஊர் பரங்கிமலை என்பதால், பீரங்கிவீரர் ஒருவரின் பதக்கத்தை அங்கே கொண்டுபோவதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. அத்தகைய கடைகளில் ஒன்றைப் பற்றியதே இந்த மதிப்புரை. விளம்பரம் போல ஆகிவிடக் கூடாது என்பதாலும், குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதாலும் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

என் அப்பா 1971 போரில் மேற்கு முனையில் பீரங்கிப்படையில் இருந்தவர். அந்தப் போரில் நடந்த ஒரு நிகழ்வுக்காகச் சேனா பதக்கம் பெற்றவர். அதனுடன், அந்தப் போரின் மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்கான பஷ்சிமி ஸ்டார், அந்தப் போர்க்காலப் பணிக்கான சங்க்ராம் பதக்கம், நீண்டகாலப் பணிக்கான பதக்கம் ஆகியவையும் அவரிடம் உள்ளன. சேனா பதக்கம் 1960இல் ஏற்படுத்தப்பட்டது. துணிச்சலுக்காகவும், கடமையில் காட்டும் தனிச்சிறப்பான ஈடுபாட்டுக்காகவும் தரப்படுவது. வட்டமான வெள்ளி வில்லை. ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் விட்டம். முன்பக்கத்தில் மேல்நோக்கி நிற்கும் துப்பாக்கிக் கத்தி, பின்பக்கத்தில் நிற்கும் ஒரு போர்வீரன். சிவப்பு ரிப்பனின் நடுவில் மெல்லிய வெண்கோடு ஒன்று ஓடும். எங்கள் வீட்டில் அந்தப் பதக்கம் ஆண்டு முழுவதும் பீரோவில் இருந்து, ஆயுத பூஜையன்று மட்டும் வெளியே வரும். அம்மா அதைத் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, தையல் இயந்திரத்துக்கும் ஸ்கூட்டர் சாவிக்கும் நடுவே படைப்பார். அரை நூற்றாண்டுக்கு நெருங்கிய இந்தப் பக்தியின் தடயங்கள் அனைத்தும் பதக்கத்தில் இருந்தன.

கடைக்காரர் பதக்கத்தைக் கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ அல்ல, விளிம்பை. கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் லென்ஸ் ஒன்றை எடுத்து, பதக்கத்தை மெல்லச் சுழற்றி, விளிம்பில் பொறிக்கப்பட்டிருந்த எண்ணையும் பதவியையும் பெயரையும் எழுத்தெழுத்தாக வாசித்தார். பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் தேய்ந்து, சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரிந்தன. கத்தியின் கைப்பிடியிலிருந்த நுண்ணிய கோடுகளும் மழுங்கியிருந்தன. "இதுக்கு மேல தேய்க்காதீங்கம்மா, பேர் போயிடும்" என்று அவர் சொன்னது, மெருகேற்றிக் கொடுத்தால் கூடுதலாக ஒரு தொகை வாங்கலாம் என்ற நிலையில் சொன்னது என்பதால் எனக்கு மதிப்பாகப் பட்டது. தமக்குத் தரப்படும் வெள்ளிப் பொருளையெல்லாம் பஃபிங் இயந்திரத்தில் கொடுத்துக் கண்ணாடி போல ஆக்கித் தருவதையே திறமையாகக் கருதும் கடைகள் இந்த ஊரில் நிறைய உண்டு. பதக்கத்துக்கு அது கேடு. விளிம்பிலுள்ள எழுத்துதான் அது யாருடையது என்பதற்கான சான்று. அது அழிந்துவிட்டால் மிஞ்சுவது சிறிது வெள்ளி மட்டுமே.

சந்தனத்தை மட்டும் வெதுவெதுப்பான வாலை வடிநீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்தார்கள். மேலே படர்ந்திருந்த மெல்லிய கருமையைத் தொடவில்லை. வெள்ளி கறுப்பதற்குக் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களே காரணம். கூவத்தின் ஓரத்திலும் பக்கிங்காம் கால்வாயின் ஓரத்திலும் அழுகிய முட்டை போல வீசுகிறதே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியின்மேல் படிந்து வெள்ளி சல்ஃபைடாக மாறுகிறது. சென்னையின் ஈரப்பதம் அதை விரைவுபடுத்துகிறது. கால்வாய்க்கு அருகில் குடியிருப்பவர்கள் தங்கள் குத்துவிளக்கில் இதைக் கண்டிருப்பார்கள். கறுத்த பின் தேய்ப்பதைவிடக் கறுக்காமல் காப்பதே சரியான வழி என்பதும், அதற்குக் காற்றுப் புகாத சட்டமும் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும் என்பதும் அந்தக் கடையின் கொள்கை. நான் உடன்படுகிறேன்.

பொருளை ஒப்படைக்கும்போது அவர்கள் கொடுத்த ரசீதில்தான் எனக்கு முதல் மனக்குறை. "மெடல் 4, ஃபிரேம் 1" என்று எழுதி, முன்பணத்தைக் குறித்து, கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். விளிம்பிலுள்ள எண்ணை அவ்வளவு கவனமாக வாசித்த கடை, அதே எண்ணை ரசீதில் எழுதாமல் விட்டது விந்தை. நான் வற்புறுத்திய பிறகு, ஒவ்வொரு பதக்கத்தின் எண்ணையும் எழுதி, இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியும்படி கைப்பேசியில் படமெடுத்து எனக்கும் அனுப்பினார்கள். கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் செய்வதில்லை. இந்தக் கடை என்றில்லை, எந்தக் கடையிலும் விளிம்பெண் எழுதாத ரசீதைப் பெற்றுக்கொண்டு பதக்கத்தை விட்டுவிட்டு வர வேண்டாம்.

ரிப்பன் விஷயத்தில் கடையின் அனுபவம் நன்றாகத் தெரிந்தது. பழைய ரிப்பனின் வெண்கோட்டில் குங்குமம் ஊறி, கோடே இளஞ்சிவப்பாகியிருந்தது. வெளுக்க முயன்றால் பக்கத்துச் சிவப்பும் கசியும் என்று சொல்லி, புதிய ரிப்பன் போட்டுக்கொள்ளவும், பழையதைக் காகித உறையில் இட்டுச் சட்டத்தின் பின்புறம் வைத்துக்கொள்ளவும் ஆலோசனை சொன்னார்கள். பிறகு இரண்டு ரிப்பன் சுருள்களை எடுத்து வைத்தார்கள். இரண்டும் சேனா பதக்கத்துக்கானவை என்றாலும் ஒன்று நல்ல சிவப்பு, மற்றொன்று அரக்குச் சாயல் கொண்டது. ஆலைக்கு ஆலை சாயம் மாறுவதால் இப்படி ஆகிறதாம். அப்பா பழைய ரிப்பனின் மடிப்பைப் பிரித்து, வெயிலே படாத உட்பகுதியைப் புதிய சுருளின்மேல் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

பதக்கங்களைப் பொருத்துவதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் பதக்கங்கள் ரிப்பனிலிருந்து தொங்கி ஆடும். நடந்தால் ஒன்றோடொன்று மோதிக் கணகணக்கும். மற்றொன்றில் ரிப்பன் பட்டையின் பின்னால் கெட்டியான அட்டை வைத்து, ரிப்பன் பதக்கத்தின் கீழ்வரை இறங்கி, பதக்கம் அதன்மேல் அசையாமல் தைக்கப்பட்டிருக்கும். அணிவகுப்புக்கு எதையும் தேர்ந்தெடுக்கலாம். சட்டத்துக்குள் வைப்பதற்கு இரண்டாவதே நல்லது, ஏனென்றால் மோதலால் விளிம்பு அடிபடுவதில்லை. அவர்கள் இரண்டாவதைச் செய்தார்கள். பசை எங்கும் இல்லை, எல்லாம் நூல். வரிசையிலும் பிழையில்லை: வீரத்துக்கான பதக்கம் அணிபவரின் மார்பு நடுவுக்கு மிக அருகில், அதாவது எதிரில் நின்று பார்ப்பவருக்கு இடது ஓரத்தில் வர வேண்டும், அதன் பிறகே பஷ்சிமி ஸ்டாரும் சங்க்ராம் பதக்கமும். அழகுக்காக முக்கியமான பதக்கத்தை நடுவில் வைத்து மற்றவற்றை இருபுறமும் பரப்பித் தரும் கடைகளின் வேலையை உறவினர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். பின்துணியாக வழக்கமாகப் போடும் சிவப்பு வெல்வெட்டைத்தான் இவர்களும் முதலில் எடுத்தார்கள். சிவப்பு ரிப்பன் அதில் காணாமல் போய்விடும் என்று அப்பா சொன்னதும் கருநீலப் பருத்தித் துணிக்கு மாற்றினார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கைவேலை. அதில் கடைக்கு நல்ல மதிப்பெண் தரலாம். பதக்கங்களின்கீழே பொருத்தும் விவர அட்டையில்தான் அவர்கள் சறுக்கினார்கள். கடையின் கணினியில் ஒரு வார்ப்புரு தயாராக இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டு விடுகிறார்கள். எங்களுக்கு மாதிரியாக அனுப்பப்பட்ட அட்டையில், மேலே ஒரு போஃபர்ஸ் பீரங்கியின் படம். கீழே "தனியொருவராக நின்று எதிரிகளை வீழ்த்திய மாவீரர்" என்ற வாசகம். இரண்டும் தவறு. போஃபர்ஸ் 155 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்கு இந்தியா ஒப்பந்தம் செய்தது 1986இல். 1999இல் கார்கில் போரின்போது அவை தொலைக்காட்சியில் இரவும் பகலும் முழங்கியதால், பீரங்கிவீரர் என்றாலே நம்மவர்களுக்கு அந்தப் பீரங்கிதான் நினைவுக்கு வருகிறது. 1971இல் அப்பாவின் பேட்டரியில், அதாவது பீரங்கிப் பிரிவில், இருந்தவை 25 பவுண்டர் பீரங்கிகள்; பதினோரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட குண்டை ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுக்கு எறிபவை. முன்னால் ஒரு கவசத் தகடும், அடியில் பீரங்கியை எந்தத் திசைக்கும் திருப்ப உதவும் வட்டமான இரும்பு மேடையும் இருப்பதை வைத்து எளிதில் அடையாளம் காணலாம். வடிவமைக்கும் இளைஞர் அன்று மாலையே சரியான படத்தைத் தேடி எடுத்து, "இந்த வட்டம்தானே சார்?" என்று அப்பாவிடம் காட்டி உறுதி செய்துகொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வாசகத்தை மாற்றுவதற்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது. அப்பா கடைக்காரரிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தம்பி, நான் யாரையும் வீழ்த்தலை. எதிரியை நான் கண்ணால பார்த்ததுகூட இல்லை. எங்க மேல குண்டு விழுந்தப்பவும் கன் நிக்காம பார்த்துக்கிட்டோம், அவ்வளவுதான்." காலாட்படை வீரரின் துணிவைப் பற்றி நமக்கு ஒரு சித்திரம் இருக்கிறது; பீரங்கிவீரரின் துணிவு வேறு வகையானது என்பது பலருக்குத் தெரிவதில்லை. இலக்கைக் காண்பவர் முன்னணியில் காலாட்படையோடு இருக்கும் கண்காணிப்பு அதிகாரி. அவர் வானொலியில் சொல்லும் கணக்கின்படி, பல கிலோமீட்டர் பின்னால், ஒரு குழிக்குள் நின்றுகொண்டு சுடுபவர்கள் பீரங்கிக் குழுவினர். சுடத் தொடங்கியதும் எதிரியின் பீரங்கிகள் அவர்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுத் திருப்பிச் சுடும். ஓடவும் முடியாது, பதுங்கவும் முடியாது, ஏனென்றால் முன்னால் இருக்கும் காலாட்படைக்கு அந்த நேரத்தில் இவர்களின் குண்டுகள் தேவை. குண்டுமழைக்கு நடுவில், ஒரு தொழிற்சாலை ஊழியரைப் போல, அளவு தவறாமல் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதே அங்கே வீரம்.

25 பவுண்டரின் முழுக் குழு ஆறு பேர் கொண்டது. முதலாமவர் குழுத் தலைவர், பெரும்பாலும் ஹவில்தார். இரண்டாமவர் பீரங்கியின் பின்வாயைத் திறந்து மூடி, குண்டை உள்ளே இடித்துத் தள்ளுபவர். மூன்றாமவர் குறிபார்க்கும் கருவியில் கண்ணை வைத்து அளவுகளைப் பொருத்திச் சுடுபவர். நான்காமவர் குண்டையும் வெடிமருந்துக் குப்பியையும் ஏற்றுபவர். ஐந்தாமவரும் ஆறாமவரும் வெடிபொருளை ஆயத்தம் செய்பவர்கள். ஆறாமவரே துணைத் தலைவரும்கூட. அப்பா மூன்றாமவர், அப்போது நாயக், அதாவது ஹவில்தாருக்கு அடுத்த கீழ்ப்பதவி. குழிக்கு அருகில் விழுந்த குண்டில் குழுத் தலைவர் அடிபட்டு விழ, அப்பா தாமும் காயப்பட்ட நிலையில் தலைவரின் பொறுப்பையும் சேர்த்து ஏற்று, சுடுவதை நிறுத்தாமல் நடத்தினார் என்பதே பதக்கத்துக்கான காரணம். அப்படி நடத்துவதற்குக் குண்டு ஏற்றுபவர் இருந்தாக வேண்டும், வெடிபொருளை எடுத்துத் தருபவர் இருந்தாக வேண்டும். ஆகவே தம் பெயருக்கு நிகரான எழுத்தளவில் மற்ற ஐவரின் பெயர்களும் அட்டையில் வர வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. வார்ப்புருவில் நான்கு வரிகளுக்குத்தான் இடம் என்று கடைக்காரர் முதலில் மறுத்தார். பிறகு பீரங்கிப் படத்தைச் சிறிதாக்கி இடம் உண்டாக்கினார். பதவியிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. ஓய்வு பெற்றபோது அப்பா ஹவில்தார் என்பதால் அட்டையில் ஹவில்தார் என்று போட்டிருந்தார்கள். பதக்கத்தின் விளிம்பு நாயக் என்கிறது. அட்டையும் விளிம்பும் முரண்பட்டால் பிற்காலத்தில் பார்ப்பவருக்கு ஐயம் வரும் என்பதால், நிகழ்வின்போது இருந்த பதவியையே போடச் சொன்னோம்.

வார்ப்புரு வாசகம் பீரங்கிவீரர்களுக்கு எவ்வளவு பொருந்தாது என்பதற்கு அப்பா கடையிலேயே வேறொரு சான்றும் சொன்னார். கால்வான் பள்ளத்தாக்கில் 2020 ஜூனில் சீனப் படையினருடனான மோதலில் உயிர்நீத்த ஹவில்தார் பழனி, நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், 81ஆவது ஃபீல்டு ரெஜிமென்டைச் சேர்ந்த பீரங்கிவீரர். அவருடைய மறைவுக்குப் பின் 2021 குடியரசு நாளையொட்டி வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. அந்த மோதலில் ஒரு பீரங்கிகூட முழங்கவில்லை. கைகலப்பில் நடந்தது அது. அவருடைய நினைவுக்கு ஒருவர் சட்டம் போட வந்தால், போஃபர்ஸ் படத்தோடு கூடிய அந்த அட்டை என்ன பொருள் தரும்? அந்த மாவட்டத்துக்காரர்களே நாளை இக்கடைக்கு வரக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வீர் சக்ரா போன்ற விருதுகளுக்கான அதிகாரபூர்வ விவரணை, வீரதீர விருதுகளுக்கான அரசு இணையதளத்தில் கிடைக்கிறது. இந்திய அரசிதழிலும் அறிவிப்பு வெளியாகியிருக்கும். வாடிக்கையாளரிடம் அதைக் கேட்டுப் பெற்று, அதிலிருந்து இரண்டு வரி எடுத்துப் போட்டாலே போதும். எந்த அலங்காரச் சொல்லும் தேவைப்படாது.

இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அவர்கள் பழைய பதக்கங்களை விலைக்கு வாங்குவதில்லை, விலை மதிப்பும் சொல்வதில்லை. நாங்கள் இருந்தபோதே ஒருவர் தம் தாத்தாவின் இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களைக் கொண்டுவந்து எவ்வளவு தேறும் என்று கேட்க, கடைக்காரர் சட்டம் போடுவதானால் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா உடனே உம்ராவ் சிங்கைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். பீரங்கிப்படையில் பயிற்சி பெற்ற எவரும் அறிந்த பெயர் அது. 1944 டிசம்பரில் பர்மாவின் கலடான் பள்ளத்தாக்கில், தம் பீரங்கி நிலையை ஜப்பானியர் அலையலையாகத் தாக்கியபோது, குழுத் தலைவராக இருந்த ஹவில்தார் உம்ராவ் சிங், இறுதியில் பீரங்கியைத் தூக்கப் பயன்படும் இரும்புக் கம்பியை ஆயுதமாக ஏந்திப் போரிட்டார். பிறகு மீட்கச் சென்றவர்கள் அவரை ஏழு பலத்த காயங்களோடு பீரங்கியின் அருகே கண்டார்கள். சுற்றிலும் பத்து ஜப்பானிய வீரர்களின் உடல்கள் கிடந்தன. பீரங்கி அப்போதும் சுடும் நிலையில் இருந்தது. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற அவர் பின்னாளில் பண நெருக்கடியில் இருந்தபோதும், பதக்கத்துக்குப் பெருந்தொகை தர முன்வந்தவர்களிடம் அதை விற்க மறுத்தார். போரில் இறந்தவர்களுக்கு அது இழுக்காகும் என்பது அவர் நிலைப்பாடு. 2005இல் இறக்கும்வரை விற்கவே இல்லை. விற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவரவர் நெருக்கடி அவரவருக்கு. ஆனால் பொருத்தித் தரும் கடையே வாங்கவும் செய்தால், கொடுத்த பதக்கம்தான் திரும்பி வந்ததா என்ற ஐயம் வாடிக்கையாளருக்கு எழும். இங்கே அந்தக் கவலை இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சட்டம் தேக்கு, இழைப்பு நேர்த்தி. பின்பலகையாக முதலில் எம்டிஎஃப் என்னும் மரநார்ப் பலகை போட்டிருந்தார்கள். அதிலிருந்து கசியும் அமில ஆவி காலப்போக்கில் உலோகத்தைப் பாதிக்கும் என்பதால் அமிலமற்ற அட்டை கேட்டோம், கூடுதல் விலைக்கு மாற்றித் தந்தார்கள். ரிப்பன் வெளிறாமல் காக்கும் புற ஊதாத் தடுப்புக் கண்ணாடிக்கும் தனி விலை. தமிழ் அச்சு இவர்களின் பலவீனம்: எழுத்துரு பழையது, "ஹவில்தார்" என்ற சொல்லை இரண்டு வரிகளாக உடைத்திருந்தார்கள், "வீரதீர" என்பது "வீரதிர" ஆகியிருந்தது. மெய்ப்பு பார்க்காமல் அச்சுக்கு விடாதீர்கள். கடை வாசலில் மூன்று உயரமான படிகள். உள்ளே உட்கார ஒரே ஒரு முக்காலி, அதிலும் துணிச்சுருள். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய முன்னாள் படைவீரர்களே முக்கிய வாடிக்கையாளர்களாக உள்ள கடையில் இரண்டு நாற்காலி போடுவது பெரிய செலவல்ல.

எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆனது. வீரச்செயலுக்காகச் சேனா பதக்கம் பெற்றவர்களுக்கான மாதப் படி 2017இல் இரண்டாயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் மூன்று மாதத் தொகைக்குச் சற்று மேல். வேலையின் தரத்துக்கு இது நியாயமான விலை என்றே கருதுகிறேன். சாதாரணக் கண்ணாடியும் வழக்கமான பலகையும் போதுமென்றால் இதில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் கண்ணாடியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மெருகேற்றிய பளபளப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தக் கடை ஏமாற்றமளிக்கும். பதக்கம் இருக்கும் நிலையிலேயே காக்கப்பட வேண்டும் என்று நினைப்பவர்கள் தயங்காமல் போகலாம். போகும்போது அட்டைக்கான வாசகத்தை நீங்களே தமிழில் தட்டச்சு செய்து எடுத்துச் செல்லுங்கள். ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் முந்தைய வாரங்களில் அணிவகுப்புச் சீருடை வேலைகள் குவிவதால் சட்ட வேலை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. பீரங்கிப்படை நாளான செப்டம்பர் 28க்குள் கையில் வேண்டுமென்றால், சுதந்திர நாள் முடிந்த கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது நல்லது.